காய்ச்சல் நாளுக்கு ஒரு திட்டம்: தங்கவயலில் ஃப்ளூ ஊசியும் டைப் 1 நீரிழிவும்

"ஒண்ணும் சாப்பிடலையே, இன்சுலின் எதுக்கு?"

டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் பாட்டிதான் சொல்வார்; பாசத்தில் சொல்வார். கணக்கும் சரியாகத்தான் தோன்றும். சாப்பாட்டுக்குத்தானே ஊசி? சாப்பாடு இல்லையென்றால் ஊசியும் வேண்டாம். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்த ஒரு நாளில் சர்க்கரை இறங்கி, வேர்த்து விறுவிறுத்து, பிள்ளை கண் செருகிக் கிடந்ததை அந்த வீடு ஒருமுறையாவது பார்த்திருக்கும். அந்த பயம்தான் இப்படிப் பேச வைக்கிறது. ஆனால் காய்ச்சல் நாளில் எடுக்கக்கூடிய முடிவுகளிலேயே உயிருக்கு உலை வைப்பது இதுதான்.

ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது இந்த வாக்கியத்தை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஊசி போட்டுக்கொள்வது ஆண்டில் ஒரு நாள் வேலை. அது காய்ச்சல் வரும் வாய்ப்பைக் குறைக்கும். அறவே இல்லாமல் செய்யாது. மீறி வரும் காய்ச்சலை ஆளவேண்டியது வீடு. அதுவும் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் மாதிரி, பெரிய மருத்துவமனை ஒன்றை வைத்திருந்து இழந்த ஊரில், முதல் பன்னிரண்டு மணி நேரம் முழுக்க வீட்டின் கையில்தான் இருக்கிறது. தடுப்பூசியையும் காய்ச்சல் நாள் திட்டத்தையும் தனித்தனியாகப் பேசுவதில் பயனில்லை என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

கல்லீரல் பட்டினி கிடப்பதில்லை

நம் ஊர்களில் 'சுகர்' என்றால் நாற்பது, ஐம்பது வயதில் வருவது, மாத்திரையில் அடங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது டைப் 2. டைப் 1 வேறு சங்கதி. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே எதிரியாகக் கருதி அழித்துவிடுகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ இளவயதிலோ தலைகாட்டும். மாத்திரை செல்லாது, இன்சுலினை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும், அன்றாடம், ஆயுள் முழுவதும். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லியனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதுவரை இந்த நோய்க்கு வைத்தியம் என்ற பெயரில் நடந்தது பட்டினி போட்டு நாளைக் கடத்துவதுதான்.

இந்தியாவில் இது அரிய நோயும் அல்ல. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 20 வயதுக்கு உட்பட்ட டைப் 1 நோயாளிகள் இங்கே சுமார் 2,29,000 பேர். உலகில் இதுவே அதிக எண்ணிக்கை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளவயது நீரிழிவு நோயாளிகளுக்கான பதிவேட்டை 2006இல் தொடங்கியது. டைப் 1 நீரிழிவுக்கென்றே தனி வழிகாட்டி நெறிமுறைகளை 2022 ஜூன் மாதத்தில் வெளியிட்டது.

காய்ச்சல் வந்தால் உடம்பு போருக்குத் தயாராகிறது. கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை ரத்தத்தில் ஏறுகின்றன. இவை எல்லாமே இன்சுலினுக்கு எதிர்த்திசையில் இழுப்பவை. வாய்க்குள் ஒரு கவளம் போகாவிட்டாலும், கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் பரிமாறிக்கொண்டே இருக்கும். நலமாக இருப்பவரின் கணையம் அதற்கு ஈடாக இன்சுலினைக் கூட்டிச் சுரந்து சமாளித்துவிடும். டைப் 1 உள்ளவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே சாப்பிடாத காய்ச்சல் நாளில் அவருக்கு வழக்கமான இன்சுலினே போதாமல் போகலாம். பல சமயம் கூடுதலாகத் தேவைப்படும்.

அந்த நேரத்தில் ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும்? ரத்தத்தில் சர்க்கரை வழிந்தோடும். செல்லுக்குள் போக வழியிருக்காது. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கொழுப்பு எரியும்போது கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேரும். மிகுந்த சர்க்கரை சிறுநீரோடு வெளியேறும்போது தண்ணீரையும் உப்புகளையும் இழுத்துக்கொண்டு போகும். நாக்கு உலரும், வயிறு வலிக்கும், வாந்தி வரும். வாந்தி வந்தால் தண்ணீரும் உள்ளே நிற்காது. ரத்தம் அமிலமாவதைச் சரிக்கட்ட நுரையீரல் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிடும். மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை அடிக்கும். மருத்துவர்கள் இதைக் கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள். மணிக்கணக்கில் முற்றக்கூடியது, நாட்கணக்கில் காத்திருக்காது.

வீடு ஏமாறுவது வாந்தியில்தான். 'காய்ச்சலால் வாந்தி எடுக்கிறான்' என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கும்போது அது கீட்டோனால் வந்த வாந்தியாக இருக்கும். வயிற்றுவலியை அஜீரணம் என்றும், வேக மூச்சைச் சளி என்றும் நினைத்துவிடுவார்கள். ஃப்ளூவின் அறிகுறிகளும் கீட்டோஅசிடோசிஸின் அறிகுறிகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடப்பதால்தான், டைப் 1 உள்ளவர்களுக்கு ஃப்ளூ வராமல் தடுப்பது மற்றவர்களைவிட முக்கியமாகிறது.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

ஃப்ளூ அலை வீசும்போது நீரிழிவு உள்ளவர்கள் கூடுதலாகப் பாதிக்கப்படுவதை மேலைநாட்டு மருத்துவமனைப் பதிவுகள் காட்டியிருக்கின்றன. நெதர்லாந்தில் 1976க்கும் 1979க்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஃப்ளூ கொள்ளையாகப் பரவிய காலத்தில் நிமோனியாவுக்காகவும் கீட்டோஅசிடோசிஸுக்காகவும் சேர்க்கப்பட்ட நீரிழிவு நோயாளிகளின் எண்ணிக்கை கூடியது என்று கண்டார்கள். 2009ஆம் ஆண்டின் எச்1என்1 பெருந்தொற்றில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்த ஆய்வில், நீரிழிவு இருந்தால் மருத்துவமனையில் சேர்க்கப்படும் அபாயம் மூன்று மடங்கு. சேர்க்கப்பட்ட பின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் அபாயம் நான்கு மடங்கு.

தடுப்பூசியின் பக்கம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில் நடந்து 1997இல் வெளியானது. இரண்டு ஃப்ளூ அலைகளை எடுத்துக்கொண்டு, ஊசி போட்ட நீரிழிவு நோயாளிகளையும் போடாதவர்களையும் ஒப்பிட்டது. ஊசி போட்டவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 79 சதவீதம் குறைந்திருந்தது.

இந்த எண்ணைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இத்தகைய ஆய்வுகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். டைப் 2 உள்ளவர்கள். டைப் 1 உள்ள இளையோரை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வுகள் குறைவு. தன் உடம்பைப் பேணுபவர்கள்தான் ஊசியும் போட்டுக்கொள்வார்கள் என்பதால் கிடைக்கும் பலனில் ஒரு பங்கு அவர்களின் பழக்கத்துக்குச் சேரவேண்டியது. பொதுவாக, அந்த ஆண்டு சுற்றும் வைரஸும் ஊசியில் உள்ளதும் பொருந்திவந்தால் தடுப்பூசியின் பயன் 40 முதல் 60 சதவீதம் என்று கணிக்கிறார்கள். அதாவது, ஊசி போட்ட பிறகும் ஃப்ளூ வரலாம். வந்தாலும் பெரும்பாலும் மட்டாக வரும். மற்றவருக்குக் கடுங்காய்ச்சலுக்கும் லேசான காய்ச்சலுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு நாள் படுக்கை. டைப் 1 உள்ளவருக்கு அதுவே வீட்டுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் உள்ள வேறுபாடாகிவிடலாம்.

ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'ஊசி போட்டதும் எனக்கு ஃப்ளூ வந்துவிட்டது' என்று சொல்பவர்கள் உண்டு. தசையில் போடும் ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அது நோயை உண்டாக்காது. கை வலி, ஓரிரு நாள் உடம்பு வலி, லேசான காய்ச்சல் வரலாம்; அந்த நாட்களில் சர்க்கரை சற்று ஏறவும் செய்யலாம். ஊசி போட்ட மறுநாள் மீட்டரில் கூடுதலாக இரண்டு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

நுரையீரலை அடகு வைத்த ஊர்

இனி தங்கவயலுக்கு வருவோம். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் இங்கே தங்கச் சுரங்கத்தைக் கையிலெடுத்த பிறகு வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த மக்களால் உருவான ஊர் இது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மண்ணுக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் பாறையைத் துளையிட்டவர்களின் நுரையீரலில் சிலிக்காத் தூசி படிந்தது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானதே இந்தச் சுரங்கத்தில்தான், 1934இல். 1940க்கும் 1946க்கும் இடையில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 43.7 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருந்தது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் எங்கும் இருமிக்கொண்டே மூப்படைந்த தாத்தாக்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு.

ஃப்ளூவால் அதிக அபாயத்துக்கு உள்ளாகிறவர்கள் என்று உலகெங்கும் மருத்துவர்கள் வரிசைப்படுத்தும் பட்டியலில் நாள்பட்ட நுரையீரல் நோயும் இருக்கிறது, நீரிழிவும் இருக்கிறது. தங்கவயலின் லைன் வீடு (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) ஒன்றை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். ஒரு கூடம், ஒட்டினாற்போல் சமையலறை. சுவருக்கு அந்தப்பக்கம் இருமினால் இந்தப்பக்கம் கேட்கும். நுரையீரல் கெட்ட தாத்தாவும் இன்சுலின் போடும் பேத்தியும் ஒரே கூடத்தில் பாய் விரிக்கிறார்கள் என்றால், அங்கே ஃப்ளூ நுழைந்தால் இரண்டு பேரையும் சேர்த்தே பிடிக்கும். 'நோயாளியைத் தனி அறையில் வையுங்கள்' என்ற அறிவுரைக்கு அந்த வீட்டில் இடமில்லை. ஆகவே பிள்ளைக்கு மட்டும் ஊசி போட்டு நிறுத்தாமல், கூட இருப்பவர்களும் போட்டுக்கொள்வதுதான் அந்த வீட்டுக்கேற்ற தனிமைப்படுத்தல்.

வைரஸ் இந்த ஊருக்கு வர வழி தேட வேண்டியதில்லை. பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ரயில் பாதை 1894இல் போடப்பட்டது தங்கத்துக்காக. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அதே பாதை ஆட்களை ஏற்றிச் செல்கிறது. விடியுமுன் பெங்களூருக்குப் புறப்படும் வண்டியில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துப் போய், இருட்டிய பின் திரும்புகிறார்கள். சுவாச நோய்கள் மனிதர் போகும் வழியில் போகின்றன என்பதற்கு 1957 ஒரு பாடம். அந்த மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்த பயணிகள் கப்பலோடு 'ஆசிய ஃப்ளூ' இந்தியாவுக்குள் இறங்கியது. அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் பதிவானவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் சுமார் 1,100 பேர். குன்னூர் பாஸ்டர் நிறுவன விஞ்ஞானிகள் அந்த அலையைப் பின்தொடர்ந்து எழுதிய அறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. துறைமுகத்தில் இறங்கியது சில வாரங்களில் உள்நாடெங்கும் பரவிவிட்டது.

எந்த மாதத்தில் போடுவது?

இந்தக் கேள்விக்கு லண்டனிலோ நியூயார்க்கிலோ பதில் எளிது: குளிர் தொடங்குமுன், செப்டம்பர், அக்டோபரில். நம்மூரில் சிலர் அந்த ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இங்கே ஃப்ளூவுக்குப் பருவம் குளிரைவிட மழை.

2009க்குப் பிறகு இந்தியாவின் பல நகரங்களில் மாதிரிகளைச் சேகரித்து ஆராய்ந்தபோது மூன்று வகை தெரிந்தது. ஸ்ரீநகரில் ஃப்ளூ ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம் தொடுகிறது. அது ஐரோப்பாவைப் போல. டெல்லி, லக்னோ, நாகபுரி, கொல்கத்தா, திப்ருகட் நகரங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழையோடு. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையோடு.

தங்கவயல் இந்த இரண்டு மழைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கிழக்கே வேலூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மேற்கே பெங்களூரும் அவ்வளவுதான். ஊருக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு; செப்டம்பர், அக்டோபரில் கூடுதல். ஊரில் பலர் வேலைக்குப் போகும் நகரம் ஒரு பக்கம், உறவும் திருவிழாவும் வைத்தியமும் மறுபக்கம். எனவே ஜூனிலிருந்து நவம்பர் வரை எந்த மாதத்திலும் ஃப்ளூ வரக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் எழ இரண்டு வாரம் ஆகும். சில மாதங்களில் அது மெல்லத் தேயவும் செய்யும். வைரஸும் ஆண்டுதோறும் சட்டையை மாற்றிக்கொள்வதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டில் இரண்டு முறை ஊசியின் கலவையை அறிவிக்கிறது: வட கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் கோளத்துக்குச் செப்டம்பரில். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தாலும், நம் மழைக்கால ஃப்ளூவுக்கு முன்பாக, ஏப்ரல், மே மாதங்களில் கைக்குக் கிடைக்கும் புதிய கலவை தென் கோளத்துக்கானதுதான். கர்நாடகப் பள்ளிகள் கோடை விடுமுறை முடிந்து திறப்பது மே இறுதி, ஜூன் தொடக்கத்தில். புது நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் வாரத்தில் ஊசியும் போட்டுவிட்டால் நினைவில் நிற்கும். அப்போது தவறிப்போனால் ஆகஸ்டில் போட்டாலும் அக்டோபர் மழைக்குக் காப்பு உண்டு. 'இந்த வருஷம் நேரம் தப்பிவிட்டது' என்று விட்டுவிடுவதுதான் தவறு.

முதன்முறையாகப் போடும் குழந்தை ஒன்பது வயதுக்கு உட்பட்டது என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்று. கடையில் நான்கு வகை வைரஸுக்கான ஊசி, மூன்று வகைக்கான ஊசி என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். பி வகையில் 'யமகாட்டா' என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. ஆகவே மூன்று வகை ஊசியே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் மாறிவிட்டது.

சுவரில் ஒட்டவேண்டிய தாள்

ஊசியைத் தாண்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. இப்போது என்ன? இதற்கான விடையை நோயில்லாத நாளில், மருத்துவரோடு உட்கார்ந்து, எழுதி வாங்கியிருக்க வேண்டும். நீரிழிவு மருத்துவர்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே விதிகளைத்தான் சொல்கிறார்கள்.

முதல் விதி, இன்சுலினை முழுவதுமாக நிறுத்தக் கூடாது. நாள் முழுக்க வேலை செய்யும் நீண்டநேர இன்சுலினைப் போட்டே தீரவேண்டும். உணவுக்கு முன் போடும் வேக இன்சுலினை மட்டும் சாப்பாட்டுக்கும் சர்க்கரை அளவுக்கும் ஏற்பக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

இரண்டாவது, இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். இரவிலும்தான். அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கீட்டோன் பார்க்க வேண்டும். சர்க்கரை மீட்டர் உள்ள வீடுகளில்கூடப் பெரும்பாலும் இல்லாத பொருள் இது. சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் கீட்டோன் பட்டை விலை மலிவு. தோய்த்தால் நிறம் மாறும், டப்பாவின் மேலுள்ள வண்ண வரிசையோடு ஒப்பிட வேண்டியதுதான். வெளிர் நிறம் என்றால் மூச்சுவிடலாம். கரும் ஊதா என்றால் ஓட வேண்டும். டப்பாவைத் திறந்து மாதக்கணக்கானால் பட்டை வீரியம் இழக்கும். திறந்த தேதியை மூடியில் எழுதிவைப்பது நல்லது. ரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம்: 0.6க்குக் கீழே கவலையில்லை, 1.5ஐத் தாண்டினால் அபாயம். 3ஐத் தொட்டால் வீட்டில் இருக்கக் கூடாது. சர்க்கரை அளவு மிகையாக இல்லாதபோதும் கீட்டோன் ஏறலாம் என்பது இதில் கவனிக்க வேண்டியது. சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளைக்கு மீட்டர் 180 காட்டுகிறது என்று நிம்மதியடைந்துவிட முடியாது.

நான்காவது, கீட்டோன் கூடினால் கூடுதல் வேக இன்சுலின். எவ்வளவு என்பது அந்தப் பிள்ளையின் ஒருநாள் மொத்த அளவைப் பொறுத்தது. வழக்கமாக அதில் 10 முதல் 20 சதவீதம். நாளொன்றுக்கு 30 யூனிட் போடுகிறவருக்கு ஒரு வேளை 3 முதல் 6 யூனிட். இந்தக் கணக்கை நள்ளிரவில் போடக் கூடாது. எண்ணையே தாளில் எழுதி வாங்கிவிட வேண்டும்.

ஐந்தாவது, தண்ணீர். மடக்குமடக்காக, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. சர்க்கரை அதிகம் என்றால் வெந்நீர், உப்புப் போட்ட மோர், தெளிந்த ரசம். சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தால், குறிப்பாக வாந்திபேதியில், கஞ்சித் தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., இளநீர், சர்க்கரை கலந்த டீ. இளநீரில் சர்க்கரை இருக்கிறது என்று அந்த நேரத்தில் பயப்பட வேண்டியதில்லை. சர்க்கரை இருப்பதால்தான் அதைக் கொடுப்பது. அத்தகைய நாளில் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு.

கடைசியாக, எப்போது கிளம்புவது என்ற விதி. வாந்தி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை, கீட்டோன் கூடுதல் ஊசிக்கும் இறங்கவில்லை, மூச்சு வேகமாகிறது, பிள்ளை தூங்கித் தூங்கி விழுகிறது, பேச்சு குழறுகிறது. இதில் ஒன்று இருந்தாலும் புறப்பட வேண்டும். எந்த மருத்துவமனைக்கு, இரவு இரண்டு மணிக்கு எந்த வண்டியில், யாரை எழுப்பி என்பது வரை தாளில் இருக்க வேண்டும். கோலார் தமகாவின் மருத்துவக் கல்லூரியா, பெங்களூரா, வேலூரா என்ற யோசனை வாசலில் நின்று செய்வதல்ல.

வாசலிலேயே சொல்லவேண்டிய ஒரு சொல்

காய்ச்சல் என்றதும் நாம் முதலில் போவது தெருமுனைக் கிளினிக்குக்கு. அங்கே சட்டைக் கையை மடிக்குமுன் சொல்லவேண்டியது: "டைப் 1, இன்சுலின்ல இருக்கான்." ஏனென்றால் சோர்ந்து கிடக்கும் பிள்ளையைப் பார்த்ததும் 'க்ளூக்கோஸ் பாட்டில்' ஏற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. சர்க்கரை பார்க்காமல் ஏற்றும் குளுக்கோஸ், ஏற்கெனவே ரத்தம் சர்க்கரையில் மிதக்கும் டைப் 1 உள்ளவருக்கு எரிகிற கொள்ளியில் எண்ணெய். காய்ச்சலும் வலியும் சட்டென்று அடங்கப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். சர்க்கரையை ஒரு நாளுக்கு மேல் தூக்கி நிறுத்திவிடும். பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் தோலில் ஒட்டும் தொடர் சர்க்கரைமானி வைத்திருப்பவர்கள், சில வகைகளில் அது தப்பான அளவைக் காட்டவைக்கும் என்பதால் விரலில் குத்தியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் கேட்கவேண்டியதும் ஒன்று உண்டு: ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர். நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பயன் அதிகம். எச்1என்1 காலத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தபோது, காய்ச்சல் லேசாக இருந்தாலும் நீரிழிவு இருந்தால் பி வகையில் வைத்தது; பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கலாம் என்றது. இந்த விவரம் பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் இரண்டாவது நாளே கேட்டுவிடுவார்கள்.

மூடிய மருத்துவமனையும் திறந்த கேள்வியும்

சுரங்கம் ஓடிய காலத்தில் தங்கவயலுக்குத் தன் மருத்துவமனை இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி தொடங்கியது. 1956இலிருந்து மைசூர் அரசும், பின்னர் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமும் நடத்தின. கம்பெனி செய்த கொடுமைகளைச் சொல்லும் முதியவர்கள்கூட அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும். 2001இல் சுரங்கத்தோடு அதற்கும் பூட்டு விழுந்தது. வேலை போனவர் நோயாளியாகவும் இருந்தால், ஒரே நாளில் சம்பளமும் வைத்தியமும் சேர்ந்து போயின.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 2021 மே மாதம், கோவிட்டின் இரண்டாம் அலையில் படுக்கை கிடைக்காமல் நாடு தவித்தபோது, தொண்டர்கள் திரண்டு அந்தக் கட்டடத்தின் புதரை வெட்டி, தூசி துடைத்து, கட்டில்களைத் துலக்கி, மீண்டும் நோயாளிகளை வைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். கோவிட்டிலும் நீரிழிவு தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது: இங்கிலாந்தின் தேசிய அளவிலான ஆய்வில், டைப் 1 உள்ளவர்கள் மருத்துவமனையில் கோவிட்டால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்காக இருந்தது. சுவாச நோய் ஒன்று ஊரைச் சூழ்ந்த பிறகு கட்டிலைத் தேடுவதைவிட, அதற்கு முந்திய மே மாதத்தில் ஊசியைத் தேடுவது செலவு குறைந்த வழி.

அந்த வழியில் அரசு இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஃப்ளூ ஊசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. தனியாரிடம் போட்டால் ஒரு தவணைக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும். மாதந்தோறும் இன்சுலின், ஊசி, சர்க்கரைப் பட்டை என்று செலவழிக்கும் வீட்டுக்கு அது பாரம். 2022இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலின் சேர்ந்தது நல்ல அடி. நாடு முழுவதும் எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி என்பது பெரிய செலவு, வாதத்துக்குரியது. ஆனால் டைப் 1 உள்ளவர்கள் எண்ணிக்கை தெரிந்த ஒரு சிறு கூட்டம். ஒரு தாலுக்காவில் அவர்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட முடியும். அவர்களுக்கும் அவர்களோடு ஒரே கூடத்தில் படுப்பவர்களுக்கும் பள்ளி திறக்குமுன் ஊசி, ஒரு டப்பா கீட்டோன் பட்டை, எழுதிய தாள் ஒன்று. தங்கவயலில் சிலிக்கோசிஸ் முதியவர்களையும் அதே முகாமுக்கு அழைத்துவிடலாம். ஒரு வீட்டுக்கு இதற்கு ஆகும் செலவு, மருத்துவமனைக் கட்டிலில் ஒரு வாரம் ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

தாள் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதில் முடிக்கலாம். மருத்துவர் எழுதுவது ஆங்கிலத்தில். ஊரின் பெயர்ப்பலகை கன்னடத்தில். பிள்ளை படிப்பது இரண்டில் ஒன்றில். ஆனால் பகல் பதினொரு மணிக்குக் காய்ச்சல் ஏறும்போது அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் இருப்பார்கள். விடியலில் போன வண்டி இருட்டாமல் திரும்பாது. வீட்டில் இருப்பது பாட்டி. முடிவெடுக்கப் போவதும் அவர்தான். அவருக்குத் தெரிந்தது தமிழ். எழுத்து கூட்டிப் படிக்கவும் சிலருக்கு வராது. ஆனால் பட்டையின் நிறம் யாருக்கும் தெரியும். புடவைக் கடையில் அரக்குக்கும் ஊதாவுக்கும் நூலளவு வித்தியாசம் சொல்லும் கண்ணுக்கு, டப்பாவின் வண்ண வரிசை ஒரு பொருட்டே இல்லை. காய்ச்சல் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரை உட்காரவைத்து, ஒரு பட்டையைத் தோய்த்துக் காட்டி, எந்த நிறத்துக்கு யாருக்குப் போன் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டால், அடுத்த காய்ச்சலில் அந்தப் பழைய வாக்கியம் மாறிவிடும்.

"ஒண்ணும் சாப்பிடல. கீட்டோன் பாத்துட்டேன். நீ டாக்டரைக் கேட்டுச் சொல்லு."